கண்ணாடி கத்திய நாள்

என் காது நன்றாக இருக்கிறது. அதுதான் பிரச்சினையே. காது மருத்துவர் என்னை ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லி, வந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வயசுல இவ்ளோ நல்ல காதை நான் பார்த்ததே இல்லைங்க" என்று பாராட்டினார். பாராட்டிக்கொண்டே பேனாவை மேஜைமேல் வைத்தார். அந்தச் சத்தத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஆலையில் நான் காற்றழுத்த இயந்திரம் ஓட்டுகிறவன். ஒருநாள் மதியம் என் தலைக்குப் பக்கத்திலேயே காற்றுத் தொட்டியின் வால்வு பிய்த்துக்கொண்டு போனது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கெட்ட நேரத்திலும் நல்ல நேரம் என்று எல்லோரும் சொன்னார்கள். கொஞ்ச நாள் போனதும், அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் தலைக்குள் ஆணியாக இறங்க ஆரம்பித்தது. பிறகு ஸ்பூன், பிறகு செருப்பு, பிறகு நானே மெல்லுகிற சத்தம். மற்றவர்களுக்குச் சத்தம் கேட்கிறது, எனக்கு அது வலிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மூளை சத்தத்தின் அளவைத் தப்பாக வைத்துக்கொண்டுவிட்டது, போகப்போகச் சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்றார் மருத்துவர். இந்த 'லாம்' போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காதை எப்போதும் பஞ்சு வைத்து அடைத்துக்கொள்ளவும் கூடாதாம். அடைக்க அடைக்க மூளை இன்னும் காதைத் தீட்டிக்கொள்ளுமாம்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, அம்மா, மகள். மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அம்மாதான். காலையில் கண் விழிக்கும்போது ஆரம்பிக்கும், தூங்கும்போதும் முழுசாக நிற்காது. "மெதுவாப் பேசுடி தங்கம்" என்றால் முதல் வாக்கியத்தை ரகசியமாகச் சொல்வாள், இரண்டாவது வாக்கியத்தில் கதை சூடு பிடித்துவிடும், மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அவள் குரலில் ஒரு கணீர் உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு மயங்கியவன் நான். அந்தக் குரல் வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்கிற ஆளாகிவிட்டேன். முதல் தடவை அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் வாந்தி எடுத்தேன்.

அவளை என் மனைவியின் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். கொஞ்ச நாளைக்குத்தான் என்றோம். கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போனது. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது. அவள் திரும்பி வர வேண்டும். தன் குரலோடு, தன் கத்தலோடு, இந்த வீட்டில் ஓடியாடித் திரிய வேண்டும், நானும் அதே வீட்டில் உயிரோடு இருக்க வேண்டும். நாங்கள் கேட்டதெல்லாம் அதுதான்.

எனக்கு ஒதுக்கியது பின்பக்கத்து அறை. சுவரெல்லாம் கனம். கதவுக்கு விளிம்பு முழுக்க ரப்பர் ஒட்டியாகிவிட்டது. ஒரே ஓட்டை, அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த பெரிய கண்ணாடி. இரட்டைக் கண்ணாடியாக மாற்றியும் மனிதக் குரல் அதைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, செங்கல் வைத்து அடைத்துவிட்டால் தீர்ந்தது என்றார். அம்மா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் மூச்சுக் காற்றில்தான் பேசுவோம்.

"அடைச்சிடலாம்டா. ஆனா அப்புறம் அதுக்குப் பேரு ரூம் இல்லை," என்றாள்.

கண்ணாடி இருந்தால்தான் மகளைப் பார்க்க முடியும். அதனால் கண்ணாடியையே வாயடைக்க வைக்கிறேன் என்று என் மனைவி கிளம்பினாள்.

அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். இயந்திரங்களின் மேல்தகடு நடுங்காமல் அடக்குவதுதான் அவள் வேலை. ஒரு சாயங்காலம் கைப்பையிலிருந்து சாம்பல் நிறத்தில், வில்லை மாதிரி, நகத்தின் கனத்தில் சில பீசோ சில்லுகளை எடுத்து மெத்தைமேல் வைத்தாள். ஒன்றின் கம்பிகளை மீட்டரில் மாட்டி விரலால் அழுத்தினாள். முள் துள்ளியது.

"இதை நசுக்கினா கரண்ட் குடுக்கும். இதுக்குக் கரண்ட் குடுத்தா நெளியும்," என்றாள்.

"புருஷன் பொண்டாட்டின்னு சொல்லேன்," என்றாள் அம்மா.

மனைவி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எனக்கு நிதானமாக விளக்கினாள். சத்தம் பட்டால் கண்ணாடி அதிரும். அதன் அதிர்வுதான் இந்தப் பக்கம் சத்தமாக வருகிறது. கண்ணாடியில் சில்லை ஒட்டினால், கண்ணாடி அதிரும்போது சில்லும் வளையும், வளைந்தால் மின்சாரம் வரும். அந்த மின்சாரம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் சில்லின் குணம். கம்பிகளைச் சும்மா தொங்கவிட்டால் சில்லு விறைப்பாக இருக்கும். இரண்டையும் முறுக்கிச் சேர்த்துவிட்டால் கொஞ்சம் தளரும். நடுவில் ஒரு சர்க்கியூட்டை வைத்தால், அந்தச் சர்க்கியூட் சொன்னபடி ஆடும். அவள் வைக்கப் போவது சாதாரணச் சர்க்கியூட் இல்லை. சில்லுக்குள் இருக்கிற மின்தேக்கத்துக்கு நேர் எதிரான ஒன்று. எதிராளி அளவு சரியாக அமைந்துவிட்டால், குறிப்பிட்ட குரல் வரும்போது மட்டும் கண்ணாடி இரும்புச் சுவரைப் போல அசையாமல் நிற்கும்.

"அதே சில்லுங்க, அதே கண்ணாடி. பின்னாடி என்ன தொங்குதுங்கறதுதான் விஷயம். அதை மாத்தினா குணமே மாறிடும்."

"எனக்குப் பின்னாடியும் ஒண்ணைத் தொங்கவிடேன்," என்றேன்.

"அதைத்தாங்க செஞ்சுட்டிருக்கேன்," என்றாள். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

தங்கையிடம் சொல்லி மகளின் குரலைப் போனில் பதிவு செய்து வாங்கினாள். ஆய்வுக்கூடத்தில் போட்டு அளந்து பார்த்ததில், அந்தக் குரல் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில்தான் எங்கள் கண்ணாடியும் நன்றாக ஆடுகிறது என்று தெரிந்தது. ஆயிரம் குரல் இருக்கிற உலகத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடி என் மகளின் குரலைத் தேர்ந்தெடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

சில்லுகளைக் கண்ணாடியின் நடுவிலும் ஓரங்களிலும் ஒட்டினாள். தலைமுடி மாதிரிக் கம்பிகள் சட்டத்தின் வழியே ஓடி, சமையலறைக்குப் போகிற நடையில் வைத்த ஒரு பெட்டியில் போய்ச் சேர்ந்தன. பெட்டி லேசாக முனகும் என்பதால் எனக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். அதில் ஒரு சுவிட்ச், ஒரு திருகு குமிழ். கூடத்தில் ஸ்பீக்கரை வைத்து மகளின் குரலை ஓடவிட்டு, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். நான் அறைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குரல் தேய்ந்தது. யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடப்பதைப் போல இருந்தது. பிறகு இல்லை. ஸ்பீக்கரின் தோல் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன். மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. குமிழை இன்னும் ஒரு நூல் திருகினால் கண்ணாடி தானே கத்த ஆரம்பிக்கும். மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கூவுமே, அந்த மாதிரி. நான் மருத்துவரிடம் போயிருந்த ஒரு நாள் அவள் அதைச் செய்து பார்த்திருக்கிறாள். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாளாம்.

"ரொம்ப நல்லா வேலை செய்யற இடமும் கத்தற இடமும் அடுத்தடுத்த வீடுங்க. சுவர் ஒண்ணுதான்," என்றாள் மனைவி. அதோடு இந்தச் சில்லுகளுக்குக் குளிரும் வெயிலும் ஆகாது. அறையின் சூடு குறைந்தால் எல்லை நகர்ந்துவிடும். கொஞ்சம் பின்வாங்கி வைத்தால் பத்திரம், ஆனால் குரல் கசியும். கசிகிற குரலுக்கே நான் சுருண்டுவிடுவேன் என்பதால் அவள் எல்லையை ஒட்டியே வைத்தாள்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்மாவுக்கு. பாடம் எடுக்கும்போது நான் அறை வாசலில் இருந்தேன்.

"சுவிட்சை மூடினா வேலை செய்யும் அத்தை. திறந்தா நின்னுடும்."

"மூடினா ஓடுமா? திறந்தா நிக்குமா?"

"சர்க்கியூட்ல அப்படித்தான் சொல்லுவோம். மூடினாத்தானே வழி முழுசாகும்."

"உங்க ஆபீஸ்ல தண்ணிக் குழாயையும் இப்படித்தான் திறந்து மூடுவீங்களா? நல்லா நிரம்பும் குடம்," என்றாள் அம்மா. "எனக்கு இந்தப் பாஷை எல்லாம் வேணாம். போடு, பிடுங்குன்னு சொல்லு. போட்டுடறேன், பிடுங்கிடறேன்."

அப்படியே முடிவாயிற்று. வீட்டில் போடு, பிடுங்கு. ஆய்வுக்கூடத்தில் மூடு, திற.

மகள் வருகிற நாள் வந்தது. காலையிலிருந்து வெயில் கொளுத்தியது. மனைவி அந்தச் சூட்டுக்கு ஏற்றபடி குமிழைச் சரிசெய்தாள். மதியத்துக்குமேல் வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்துக்கொண்டது. நனைந்த குடையோடு சித்தியும் அவளும் உள்ளே வருவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். வளர்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் புதிதாக முளைத்து, முகத்துக்குப் பெரிதாக இருந்தன. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நடந்துவந்தாள். வழியெல்லாம் சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள்.

மனைவி அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கண்ணாடியைக் காட்டி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது பிறகு தெரிந்தது.

"இது அப்பாவுக்காக அம்மா பண்ணின கண்ணாடி. நீ எவ்ளோ சத்தமா வேணும்னாலும் பேசலாம். அப்பாவுக்கு வலிக்கவே வலிக்காது."

அவள் நம்பவில்லை. தாயை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், சிரித்தேன், வா வா என்று கையைக் காட்டினேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து உள்ளங்கையை அதில் வைத்தாள். நானும் இந்தப் பக்கம் வைத்தேன்.

மழையில் கூடம் குளிர்ந்திருந்தது. கண்ணாடியில் மெல்லிய விசில் ஒன்று கிளம்புவதை என் மனைவி கேட்டுவிட்டாள். நாள் முழுக்க அந்த விசிலோடு குடித்தனம் நடத்துகிற காது அவளுடையது. உடனே நிறுத்த வேண்டும். நடைப்பக்கம் திரும்பிக் கத்தினாள். பதற்றத்தில் வீட்டு வார்த்தை வரவில்லை, ஆய்வுக்கூடத்து வார்த்தைதான் வந்தது.

"அத்தை, திறங்க! சீக்கிரம் திறங்க!"

அம்மாவுக்குத் திறப்பது என்றால் குழாயைத் திறப்பதுதான். குமிழைப் பிடித்து, முழுசாகத் திறந்துவிட்டாள்.

அதே நேரத்தில் என் மகள் வாயைத் திறந்தாள். 'அப்பா' என்று சொல்ல உதடு சேர்ந்து பிரிந்ததை நான் பார்த்தேன். கண்ணாடி கத்தியது.

அந்தச் சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. சொல்ல விரும்பவும் இல்லை. அது உள்ளங்கை வழியாகவும் வந்தது. நான் விழுந்தது எனக்குத் தெரியாது. விழுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது அவள் முகம். வாய் திறந்தபடி, நான் சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி ஓடிப்போய்ப் பெட்டியின் கம்பியையே பிய்த்தாளாம். அது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் கத்தியிருக்கும். போதாதா?

மகளுக்கு அந்த விசில் தெரியாது, குமிழ் தெரியாது, குளிர்ந்த சில்லு தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம் என்று அம்மா சொன்னாள். அவள் பேசினாள். வீடே அலறியது, அப்பா விழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

முதலில் பயம் என்று நினைத்து, தங்கை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை சொல்லி அனுப்பினார், வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள் என்று. என் மனைவி ஒரு தகர மூடியில் சில்லை ஒட்டி, சின்னச் சர்க்கியூட்டை மாட்டி, தங்கை வீட்டுக்கே கொண்டுபோய் அவளைக் குமிழைத் திருகச் சொன்னாள். மூடி கத்தியது. "பாத்தியா செல்லம், கத்தினது இதுதான். நீ இல்லை. நீ இல்லவே இல்லை." மகள் சமர்த்தாகத் தலையை ஆட்டினாளாம். புரிந்ததா என்று கேட்டதற்கும் ஆட்டினாளாம். வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போனோம். தொண்டை நன்றாக இருக்கிறது என்றார், தானாகப் பேசலாம் என்றார்.

அம்மா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்பெல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை கொடுத்தால் இரண்டு திரும்பி வரும். இப்போது கேட்டால்தான் பதில். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. மனைவியையும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? இந்த வீட்டில் எல்லோரும் எனக்காகத்தான் எல்லாவற்றையும் செய்தார்கள். யாரையாவது திட்ட முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

என் நிலைமையும் மோசமாயிற்று. முன்பு தாங்கியதை இப்போது தாங்க முடியவில்லை. அதனால் மனைவி மறுபடியும் சர்க்கியூட்டைப் பிரித்துக் கட்டினாள். குமிழைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சூட்டையும் குளிரையும் பார்த்துத் தானே சரிசெய்துகொள்கிற மாதிரி அமைத்து, பெட்டியின் மூடியை முத்திரை வைத்து ஒட்டிவிட்டாள். வெளியே மிச்சம் இருந்தது சுவரில் செருகுகிற ஒரு பிளக் மட்டும்தான். இப்போது கண்ணாடி பிரமாதமாக வேலை செய்கிறது. மழையோ வெயிலோ, ஒரு முணுமுணுப்பு இல்லை. அவள் செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் ஒருநாள் அவள் தங்கை வந்தாள். நல்லவள். எங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் அதைச் சொன்னாள்.

"மாமா, பாப்பா இப்போ சத்தமே போடறதில்லையே. இனிமே இங்கேயே இருக்கலாமே. உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

அப்படித்தான் என் மகள் வீட்டுக்கு வந்தாள்.

நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது என்று சொல்லவேண்டும். காலையில் செருப்பில்லாமல் நடக்கிறாள். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்கிறாள். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். பென்சில் தாளில் கீறுகிறது என்று அதை விட்டுவிட்டு மெழுகுக் கிரேயானால் எழுதுகிறாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவள் இருந்தாலும் நான் கூடத்திலேயே உட்காரலாம். வலிக்கவே வலிக்காது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவன் எவ்வளவு கொடுத்துவைத்தவன்! எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தாள், மனைவி வேலையிலிருந்து திரும்பவில்லை. கூடத்தில் தரையில் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிடேன்," என்றேன்.

உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சத்தமா. வலிச்சா வலிக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆகாது. உன்னாலதான் நான் விழுந்தேன்னு நினைக்கறியா? இல்லடி தங்கம். சத்தியமா இல்லை. பேசு. கத்து. என்ன வேணும்னாலும் கத்து."

என் குரலே எனக்கு வலித்தது. நிறுத்தாமல் கெஞ்சினேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்மேல் பரிதாபப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கிரேயானைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். என் அறைக்குள் போய், ரப்பர் ஒட்டிய கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால், நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் வந்து நின்றாள்.

பிறகு பேசினாள்.

வெறும் உதட்டசைவு இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது. முன்பெல்லாம் கதை சொல்வாளே, அதே மாதிரி கையை ஆட்டினாள், புருவத்தைத் தூக்கினாள், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள். இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். எனக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. காதைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் முழுக் குரலும் வந்து விழுந்திருக்கும், அதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. வலிச்சா வலிக்கட்டும் என்று வாய் கிழியச் சொன்னவன்தான். நடைக்கு ஓடினேன். பிளக்கைப் பிடித்து இழுத்தேன். அது இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்து, பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடிவந்தேன்.

அதற்குள் அவள் பேசி முடித்துவிட்டிருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படத்துக்கு வண்ணம் தீட்ட ஆரம்பித்தாள். என்ன சொன்னே என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினாள். இன்னொரு தடவை சொல்லு, இப்போ கேக்கும் என்றேன். கேட்கும் என்று சொன்னதுதான் தப்பாகிவிட்டது. கிரேயானை அப்படியே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.